வழியில் இறங்கியவன் எங்கே?

புதினம் ஒன்று திரைப்படமாகும்போது அதனை அளந்து பார்க்க நம்மவர் கையில் இருப்பவை இரண்டே அளவுகோல்கள். 'கதையில் உள்ளபடியே எடுத்திருக்கிறார்களா?' என்பது ஒன்று. 'பரிசு பெற்றதா?' என்பது மற்றொன்று. இவ்விரண்டாலும் அளக்க இயலாத படம் ஒன்று உண்டு. மு. சந்திரகுமார் எழுதி 2006ஆம் ஆண்டில் வெளிவந்த 'லாக்கப்' என்னும் நூலைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய 'விசாரணை'யே அது. 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பெற்று, 2016 பிப்ரவரியில் திரையரங்குகளுக்கு வந்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. ஆஸ்கார் பரிசுக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பவும் பெற்றது. ஆண்டுகள் பல சென்ற பின்னும் ஐதராபாத் வாழ் தமிழராகிய நாம் இப்படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை என்பதே நம் கருத்து.

கோவையில் ஆட்டோ ஓட்டிய சந்திரகுமார், இளமையில் பிழைப்புத் தேடி அலைந்து குண்டூருக்குச் சென்றவர். 1983ஆம் ஆண்டு அங்கே, செய்யாத திருட்டைச் செய்ததாக ஒப்புக்கொள்ளும்படி காவல் நிலையத்தில் அடித்து வதைக்கப்பட்டார். பின்னர் மாதக்கணக்கில் சிறையில் கிடந்தார். மொழி தெரியாத ஊர், கேட்பார் இல்லாத நிலை, கையில் காசில்லாத வறுமை ஆகிய இம்மூன்றுமே அவர் செய்த குற்றங்கள். அந்த நாட்களைத்தான் 'லாக்கப்' பேசுகிறது.

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட புதினத்தில், மனிதனை அடைத்து வைத்து உண்மையையே மறக்கும்வரை வதைக்கும் கொடிய அரசு ஒன்றைக் கற்பனை செய்தார். அதற்கு அவர் குறித்த ஆண்டு 1984. அவ்வாண்டிலேயே அது திரைப்படமாகவும் வந்தது. மேலை நாட்டார் வருங்காலத்தில் வைத்து அஞ்சிய அந்த உலகம், அதற்கு ஓராண்டு முன்னரே குண்டூரில் தமிழ்க் கூலி இளைஞன் ஒருவனுக்கு வாய்த்துவிட்டது! அவன் அதைக் கற்பனை செய்ய வேண்டிய தேவை இருக்கவில்லை.

இனிப் படத்துக்கு வருவோம். முதற் பாதி குண்டூர்க் காவல் நிலையம். பூங்காவில் படுத்துறங்கும் பாண்டி, முருகன், அப்சல், குமார் என்னும் நால்வரைப் பிடித்து வந்து, ஒரு பெருஞ்செல்வர் வீட்டுத் திருட்டை அவர்கள் தலையில் கட்டுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வேறொரு வேலையாக வந்த ஆய்வாளர் முத்துவேல், நீதிமன்றத்தில் அவர்கள் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல, நால்வரும் விடுதலையாகிறார்கள். நூலில் இல்லாத பிற்பாதி அதன் பின்னரே தொடங்குகிறது. தமிழ்நாடு திரும்பியவர்கள், அரசியல் பணத்தின் கணக்கறிந்த தணிக்கையாளர் ஒருவர் காவல் நிலையத்தில் இறப்பதற்குச் சாட்சிகளாகி, அதற்காகவே கொல்லப்படுகிறார்கள்.

இப்படத்தின் மீது நம் நண்பர்கள் கூறும் குறைகள் இரண்டு. 'ஆந்திரக் காவலரை அரக்கராகக் காட்டிவிட்டார்கள். தெலுங்கு மக்களோடு அண்ணன் தம்பியாய் வாழும் நமக்கு இது சங்கடம் அல்லவா?' என்பது முதற் குறை. 'நூலில் இல்லாததைச் சேர்த்து நூலைக் கெடுத்துவிட்டார்கள்' என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் ஒரே நாவால் கூறுவோரும் உளர் என்பதுதான் வியப்பு. ஏனெனில் இரண்டாம் குறையே முதற் குறைக்கு விடை. குண்டூரோடு படம் முடிந்திருந்தால், தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பவர் 'அயலூரான் கொடியவன்' என்று நெஞ்சாறிப் போயிருப்பார். இயக்குநர் அதற்கு இடந்தரவில்லை. 'தாய்மொழி பேசும் காவல் நிலையம் மட்டும் தாய்வீடோ?' என்று கேட்டார். அங்கே அடித்தார்கள், இங்கே கொன்றார்கள். இந்தச் சேர்க்கை நூலுக்குச் செய்த துரோகமன்று. நூலின் நியாயத்தை நம் வாசலுக்கே கொண்டு வந்த துணிவு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனுமான ஜெயராஜும் பென்னிக்ஸும் காவலில் வதைபட்டு உயிரிழந்தபோது, அந்தப் பிற்பாதி வெறுங்கற்பனை அன்று என்பதை நாடே கண்டது.

ஆயின் படத்தின் மீது நமக்கும் ஒரு வழக்கு உண்டு. அது வேறு வழக்கு. ஊர் திரும்பும் வழியில் குமார் என்பவன் மட்டும் இடையில் இறங்கிக் கொள்கிறான். மற்ற மூவரும் காவல் நிலையத்துக்குச் சென்று இறுதியில் மடிகிறார்கள். அவர்களைக் காக்க முயன்ற முத்துவேலும் மடிகிறார். இறங்கியவன் என்ன ஆனான்? படம் சொல்லவில்லை. நூலாசிரியரின் பெயரிலும் 'குமார்' உண்டு என்பதை எண்ணிப் பாருங்கள். பிழைத்து வந்து, உடல் தேறி, தான் பட்டதை எழுத்தில் வடித்து, உலகத்தின் முன் வைத்தானே, அவன்தான் அந்த நூலின் உயிர். அவனைப் படம் பாதி வழியில் இறக்கிவிட்டுத் திரும்பியும் பாராமல் போய்விட்டது.

இது சிறு செய்தியன்று. இளங்கோவடிகள் நமக்குச் சொன்ன கதையை நினைவு கூர்வோம். பிழைப்புத் தேடிப் புகாரை விட்டு மதுரைக்கு வந்தவன் கோவலன். அவன் மீதும் திருட்டுப் பழி. அவனுக்கும் விசாரணை இல்லை, கொலைதான் கிடைத்தது. குடிபெயர்ந்து சென்றவனை அயலூர் எப்படி நடத்தும் என்பதைத் தமிழ்க் காப்பியம் முதன்முதலில் அறிந்தது அங்கேதான். ஆனால் அடிகள் கோவலன் கொலையோடு ஏட்டைக் கட்டி வைத்தாரா? இல்லை. எஞ்சிய ஒற்றைச் சிலம்போடு கண்ணகியை அரசவைக்கு அனுப்பினார். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது அரசனின் தீர்ப்பும் உடைந்தது. கோவலன் இறந்தான், ஆனால் வழக்குச் சாகவில்லை. சந்திரகுமாரின் நூல் அந்த ஒற்றைச் சிலம்பு. 'விசாரணை' கோவலனின் கொலையை நெஞ்சு நடுங்கக் காட்டிவிட்டுச் சிலம்பை மறைத்து வைத்துவிட்டது.

'இறந்தோர் பலர், பிழைத்தோர் சிலர். ஆதலின் படத்தின் முடிவே உண்மை' என்று வாதிடலாம். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறித் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேரைச் சுட்டு வீழ்த்தினார்கள். அதை மறந்து நம்பிக்கை பேசுவது நேர்மையாகாது. உண்மைதான். ஆனால் எதிர்க்க வழியே இல்லை என்று காட்டும் கலை, அடிக்கிறவனுக்கும் ஒரு வகையில் உதவுகிறது. பார்ப்பவன் கண்ணீர் விடுகிறான், பெருமூச்செறிகிறான், வீடு திரும்பி உறங்குகிறான். பிழைத்தவன் பேச்சோ உறங்க விடாது. 'இது நடந்தது, எனக்கே நடந்தது, நீ என்ன செய்யப் போகிறாய்?' என்று அது கேட்கும்.

அக்கேள்வி நம்மை நோக்கியதே. குண்டூர் சந்திரனில் இல்லை. இரயிலேறினால் சில மணி நேரப் பயணம். 1983இல் அது நம் ஐதராபாத்தைத் தலைநகராகக் கொண்ட மாநிலத்தின் ஊர். அன்று நாம் என்ன செய்து கொண்டிருந்தோம்? மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் இசைவிழா நடத்தினோம். பொங்கலுக்குக் கோலப் போட்டி வைத்தோம். அவை வேண்டியவையே. ஆனால் தமிழர் என்று நாம் எண்ணிய கணக்கில், பூங்காவில் படுத்துறங்கியவன் பெயர் இருந்ததா? இன்றும் கட்டடப் பணியிலும் உணவு விடுதிச் சமையற்கட்டிலும் உழைக்கும் தமிழ் இளைஞரில் எத்தனை பேருக்கு நம் சங்கத்தின் வாயில் தெரியும்? தெலுங்கு மக்கள் மனம் புண்படுமோ என்று நாம் கொண்ட கவலையில் பாதியை அந்த இளைஞர்கள் மீது கொண்டதுண்டா? காவலரிடம் அளிக்கும் ஒப்புதலை வழக்கில் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் சொல்லிற்று. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. கைதானவனின் உறவினர்க்கோ நண்பர்க்கோ செய்தி சொல்ல வேண்டும் என்று 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. அயலூரில் தனித்து நிற்பவனுக்கு நண்பர் யார்? எவர்க்குச் செய்தி சொல்வது? இவ்வினாவுக்கு விடையாக நிற்பதன்றோ தமிழ்ச்சங்கம் என்னும் பெயருக்குப் பொருள்!

ஆகவே நம் தீர்ப்பு இது. 'விசாரணை' நூலைக் கெடுக்கவில்லை. நம்மவரையும் குற்றக் கூண்டில் ஏற்றிய வகையில் நூலினும் ஓரடி முன்னே சென்றது. அந்தத் துணிவைப் போற்றுவோம். ஆனால் சாட்சியை வழியில் விட்டுச் சென்ற வகையில் நூலினும் பின்தங்கியது. படம் பார்த்தோர் அத்தோடு நின்றுவிடாமல் 'லாக்கப்' நூலைத் தேடிப் படித்தல் வேண்டும். சங்கத்தின் நூலகத்தில் அது இடம்பெறல் வேண்டும். இரு மொழியும் அறிந்த வழக்கறிஞர் ஒருவரின் பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும், உழைக்கும் தமிழர் தங்கும் இடமெல்லாம் சென்று சேர்தல் வேண்டும். வழியில் இறங்கியவன் நம் தெருவில்தான் இறங்கியிருக்கிறான், அன்பர்களே. கதவைத் திறப்பது நம் கடன்.