கைக்கும் கல்வி வேண்டும்!

2023 டிசம்பர் 17 இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி, நமது திருவைகுண்டம் நிலையத்திலே நின்றது. நின்றது, நகரவில்லை! செய்துங்கநல்லூர் செல்லும் வழியில், தண்டவாளத்தைத் தாங்கி நின்ற சல்லியை வெள்ளம் வாரிக்கொண்டு போய்விட, இரும்புப் பாதை அந்தரத்திலே தொங்கிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! வண்டியிலே ஏறக்குறைய 800 பேர். சிலரைப் பக்கத்துப் பள்ளியில் தங்க வைத்தனர். ஏனையோர் 19-ஆம் நாள் மீட்கப்படும் வரையில் நீர் சூழ்ந்த நிலையத்திலேயே கிடந்தனர்.

அவர்களுடைய பசி தீர்க்க முன்வந்தவர்கள் யார்? புதுக்குடிச் சிற்றூர் மக்கள்! தமது வீட்டிலும் வெள்ளம், தமது அடுப்பிலும் ஈரம். ஆயினும் இருந்த அரிசியை உலையிலேற்றி, முன்பின் அறியாதவர்க்குச் சோறிட்டனர். அன்று எவரும் அவர்களிடம் மதிப்பெண் பட்டியலைக் கேட்கவில்லை. நெஞ்சிலே ஈரமும் கையிலே பயிற்சியும் இருந்தன, உயிர்கள் பிழைத்தன.

வெள்ளம் வடிந்து பள்ளி திறந்தபின், நாம் வகுப்பிலே ஒரு கேள்வி கேட்டோம். "கிணற்றுக்குள் வெள்ளநீர் புகுந்துவிட்டது, குடிநீராக்குவது எப்படி?" எழுந்தான் ஒரு மாணவன். "குளோரின் கலக்க வேண்டும், குளோரினின் அணு எண் 17" என்றான். பிழையில்லை. பிளீச்சிங் பவுடரை எதிரே வைத்தோம், விழித்தான்! "ஆற்றில் ஒருவன் மூழ்குகிறான், என்ன செய்வாய்?" என்றோம் மற்றொருவனிடம். "குதித்துக் காப்பாற்றுவேன்" என்றான். "நீந்தத் தெரியுமோ?" "தெரியாது." வகுப்பிலே சிரிப்பொலி. நமக்குச் சிரிப்பு வரவில்லை. தாமிரபரணிக் கரையிலே பிறந்த பிள்ளை அவன்! குற்றவாளி அவனா? அல்ல, அல்ல! அணு எண்ணைக் கற்பித்து, அதனைக் கிணற்றில் இடும் அளவைக் கற்பிக்காத நாமே குற்றவாளிகள்.

ஆகவே சொல்லுகிறோம்: நமது மன்றங்கள் இனி நாவுக்கு மட்டுமல்ல, கைக்கும் கல்வி தர வேண்டும். வாரம் ஒரு மாலை, பத்து இளைஞர்கள், ஒரு வேலை. இதுவே திட்டம்.

சொன்ன உடனே கேட்டார் ஒரு மூத்த தோழர்: "1953-இல் எதை எதிர்த்துச் சிறை சென்றோமோ, அதனையே நீங்கள் அழைத்து வருகிறீர்களா?" நல்ல கேள்வி, நேர்மையான கேள்வி. விடை கூறாமல் நகர்வது பகுத்தறிவாகாது.

1953-இல் சென்னை மாநில முதலமைச்சராயிருந்த இராசகோபாலாச்சாரியார் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் என்ன கூறிற்று? சிற்றூர்ப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. மிச்ச நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பழகு! வண்ணார் மகனுக்கு வெள்ளாவி, குயவர் மகனுக்குச் சக்கரம், அலுவலர் மகனுக்கோ பேனா! குலக்கல்வி என்று நாடே பெயரிட்டு எதிர்த்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் மாண்டது. அது கைத்தொழிலைப் போற்றிய திட்டமன்று. கையைப் பிறப்போடு சேர்த்து விலங்கிட்ட திட்டம். நாம் எதிர்த்தது உளியையா? தறியையா? இல்லை! இன்ன பிள்ளைக்கு இன்ன கருவி என்று கருவறையிலேயே எழுதிய கையெழுத்தை எதிர்த்தோம்.

இப்போது நாம் வேண்டுவது அதற்கு நேர்மாறு. மன்றத்தின் முதல் விதியே இது: தந்தையின் தொழிலை மகனுக்கு முதலில் தராதே! வேளாளர் வீட்டுப் பிள்ளை குத்தூசி எடுத்து அறுந்த செருப்பைத் தைக்கட்டும். செருப்புத் தைப்பவர் மகள் மின் இணைப்பைச் சோதிக்கட்டும். கடைக்காரர் மகன் துணி வெளுக்கட்டும். எல்லோரும் சேர்ந்து சமைத்து, ஒரே வரிசையில் உண்ணட்டும். தன் கையால் செருப்புத் தைத்த பிறகு, தைப்பவரைத் தாழ்ந்தவரென்று சொல்ல எவனுக்கு நா எழும்? சாதி ஒழிப்பைப் பற்றி நூறு மேடையிலே பேசினோம், பேச வேண்டியதுதான். ஆனால் இழிவென்று ஒதுக்கிய வேலையை எல்லாக் கைகளும் தொடுகிற நாளில்தான், இழிவு என்ற சொல்லுக்கு வேலை போகும்.

இன்னொரு நாட்டைப் பாருங்கள். 1902-இல் அமெரிக்காவின் ஓகியோ மாநிலத்தில், ஏ. பி. கிரகாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் சிறுவர் சிறுமியரைச் சேர்த்து மன்றம் அமைத்தார். மண்ணைச் சோதிக்கவும், நல்ல சோள விதையைத் தெரிந்தெடுக்கவும் பழக்கினார். பின்னர் அத்தகைய மன்றங்கள் நாடெங்கும் பெருகித் தலை, நெஞ்சு, கை, உடல்நலம் எனும் நான்கினையும் குறிக்கோளாகக் கொண்டன. புதுமுறையை நம்ப மறுத்த உழவர்கள், தம் பிள்ளைகளின் வயல் விளைந்ததைக் கண்டு நம்பினர். குலக்கல்வியிலே மகன் தந்தையிடம் பழமையைக் கற்கவேண்டும். இங்கோ தந்தை மகனிடம் புதுமையைக் கற்றார்! வேறுபாடு புரிகிறதன்றோ?

தொலைவுக்குப் போவானேன்? நமது தூத்துக்குடிக் கடலையே கேட்போம். 1961-இல் நடந்ததே அங்குக் கடைசி முத்துக்குளிப்பு. முன்னாளில் குளிப்புக் காலங்களில் 'கடல் கட்டி' என்றொருவர் இருப்பார். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவாராம்! ஆங்கில அரசே அவருக்கு ஊதியம் அளித்ததென்று அக்காலப் பதிவுகள் பேசுகின்றன. அவர் கரையிலே இருந்தார். கடலுக்குள் போனவர் யார்? கல் கட்டிய கயிற்றிலே கால் பதித்து, மூச்சடக்கி இறங்கிய உழைப்பாளி! அவர் உயிரைப் பிடித்திருந்தது மந்திரமா? மேலே தோணியில் நின்று, கயிற்றின் ஓர் அசைவிலே குறிப்பறிந்து இழுத்த தோழரின் கை! மந்திரம் அச்சத்தை ஆற்றியிருக்கலாம். ஆளை மேலே இழுக்கவில்லை.

இன்றும் பாம்பு கடித்தால் மந்திரிப்பவரைத் தேடி ஓடுகிறவர்கள் உண்டு. "மூடநம்பிக்கை!" என்று முழங்குகிறோம். முழங்கிவிட்டு? கடிபட்ட இடத்தைக் கீறாதே, உறிஞ்சாதே, இறுகக் கட்டாதே. உறுப்பை அசையாமல் வைத்து, நஞ்சு முறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல் என்று செய்து காட்டப் பழகியிருக்கிறோமா? மந்திரத்தை மறுப்பது பாதிப் பகுத்தறிவு. மாற்றைக் கையில் வைத்திருப்பதே முழுப் பகுத்தறிவு.

பெண்களை மறந்த மன்றம் அரை மன்றம். நமது ஊரிலே ஒரு மண்கோட்டை இருந்தது. கோட்டைப் பிள்ளைமார் இல்லத்துப் பெண்கள் அதன் சுவரைத் தாண்டாமலே வாழ்ந்து மறைந்தனர். அவ்வழக்கம் ஓய்ந்தது, ஆனால் ஊரெங்கும் சுவரின் நிழல் ஓய்ந்ததா? "பெண்ணுக்கு நீச்சல் எதற்கு?" என்போர் இன்றும் உளர். வெள்ளம் ஆண், பெண் பார்த்தா வருகிறது? புதுக்கோட்டை மாவட்டத்திலே, 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்கள் கையிலே கொடுத்தது. ஏளனம் செய்தனர் சிலர். பெண்களோ ஆயிரம் ஆயிரமாய் ஏறி மிதித்தனர். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, எவரையும் எதிர்பாராமல் போய்வந்தனர். அந்த இரு சக்கரம் உரைத்த பெண்ணுரிமையை எந்த மேடை உரைத்தது?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று கூறோம். 2022 நவம்பர் 28-இல் தொடங்கப்பட்ட வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வகுப்பு வரை அறிவியலைச் செய்து பார்க்க வைக்கிறது. நல்ல தொடக்கம், வரவேற்கிறோம். பள்ளி மணி அடித்த பின்னும், பள்ளியை விட்ட பின்னும் உள்ள இளைஞர்க்கு வழி காட்டுவது யார்? நாம்தான்!

நாமும் சில நண்பர்களும் சனிக்கிழமை மாலைகளில் தொடங்கியிருக்கிறோம். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறோம். ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என அளந்து, வயிற்றுப்போக்குக்கு உயிர்காக்கும் கரைசல் செய்கிறோம். மூடிய வெற்றுக் கேனிலே கயிறு கட்டி, மூழ்குகிறவனுக்கு எறியப் பழகுகிறோம். நீந்தத் தெரியாதவன் குதித்தால் ஒரு பிணம் இரண்டாகும் என்பதை முதலில் சொல்கிறோம். வெள்ளம் புகுந்தால் மின்சாரத்தின் மெயின் சுவிட்சை எங்கே, எப்போது அணைப்பதென்று வீட்டுக்கு வீடு காட்டுகிறோம். பத்துப் பேரில் நால்வர் பெண்கள். ஆண்களே அடுப்பு மூட்டுகிறார்கள். முதல் நாள் சோறு குழைந்தது, மறுக்கவில்லை. மூன்றாம் வாரம் குழையவில்லை!

தோழர்களே! நமது படிப்பகங்களிலே ஏடுகள் இருக்கட்டும். அவற்றின் அருகே ஒரு கயிறும், ஒரு திருப்புளியும், ஒரு முதலுதவிப் பெட்டியும் இருக்கட்டும். சொற்பொழிவுப் போட்டிக்குக் கோப்பை கொடுங்கள். நீந்தக் கற்ற தங்கைக்கும் கோப்பை கொடுங்கள். தாமிரபரணி மீண்டும் கரை புரளும். மழைக்கு நமது கொள்கை தெரியாது. அன்று நமது மன்றத்து இளைஞன் மேடை தேடி நிற்பானா, கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடுவானா? விடை, இந்தச் சனிக்கிழமை மாலையில் இருக்கிறது.