மலை கொடுக்கிறது, நாம் என்ன கொடுக்கிறோம்?



சேலம் - விருத்தாசலம் ரயிலில் வந்து சின்னசேலத்தில் இறங்குவோர், வடமேற்கே நீண்டு கிடக்கும் ஒரு மலைத் தொடரைக் காணலாம். அதுதான் கல்வராயன் மலை. மேகம், பெரியார் நீர்வீழ்ச்சிகளையும் கரியாலூர் படகு இல்லத்தையும் பார்க்க விடுமுறை நாட்களில் வேன் வைத்துக்கொண்டு போகிறோம். குளிக்கிறோம், சாப்பிடுகிறோம், திரும்பி விடுகிறோம். அந்த மலைதான் நமக்குச் சோறு போடுகிறது என்பதை எத்தனை பேர் சிந்தித்திருக்கிறோம்?

மலையில் பெய்யும் மழைதான் கோமுகி அணையை நிரப்புகிறது. அதை நம்பித்தான் அடிவாரத்தில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. கச்சிராயபாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வருகிறது. மானாவாரி நிலங்களில் மக்காச்சோளம், பருத்தி, மரவள்ளி. மலைக்கு மேலே சாமை, தினை, புளி, தேன், பலா, கடுக்காய். கடுக்காய் என்றதும் வைத்தியர்தான் நினைவுக்கு வருவார். ஆனால் தோல் பதனிடவும் அது பயன்பட்டது. தோல் வியாபாரத்தில் நம் முன்னோர் பெற்ற செல்வத்தில் மலை மக்கள் பொறுக்கிய கடுக்காய்க்கும் பங்குண்டு!

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களின் மரச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022-ல் மருத்துவக் கல்லூரியும் வந்தது. மகிழ்ச்சிதான்! ஆனால் மலையின் நிலை என்ன?

அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக மூன்று ஜாகீர்தார்களின் கீழ் இருந்தவர்கள். நாடு சுதந்திரம் பெற்று 29 ஆண்டுகள் கழித்து, 1976-ல்தான் அந்த ஜாகீர்கள் ஒழிந்தன. அவர்கள் வாக்களித்ததோ 1996-ல்தான்! 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உடனே எல்லோரும் கல்வராயன் மலையை நோக்கி விரல் நீட்டினார்கள். உயிரைக் குடித்தது மெத்தனால். அது மலையில் விளைவதல்ல. கீழேயுள்ள ஆலைகளின் சரக்கு. மலையில் சாராயம் காய்ச்சுவோர் இல்லை என்று நாம் சொல்லவில்லை. வேறு பிழைப்பு இல்லாத இடத்தில் அடுப்பை அணைத்தால் மட்டும் போதுமா? சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அம்மக்களின் வாழ்நிலை பற்றி விசாரிக்க வேண்டி வந்ததே, அதுவே நமக்கெல்லாம் தலைகுனிவு அல்லவா?

வியாபாரப் பெருமக்களே! மரவள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். நெல்லைப் போல் குதிரில் போட்டு வைத்து விலை ஏறட்டும் என்று காத்திருக்க முடியாது. மாவுச்சத்தை அளந்து, பாயிண்ட் கணக்கில் விலை போடுகிறார்கள். எடையும் பாயிண்டும் வாங்குகிறவர் கையில். கெட்டுப் போகும் கிழங்கு விற்கிறவர் கையில். இந்த இடத்தில்தான் வியாபாரியின் நேர்மை தெரியும். விவசாயி கண் முன்னே எடை போடுங்கள். பாயிண்டை அவருக்குக் காட்டுங்கள். அவசரத்துக்குக் கொடுத்த முன்பணத்தை வைத்து விலையை அமுக்காதீர்கள். நம் கடையில் நியாயம் உண்டென்று தெரிந்தால், மலையிலிருந்து இறங்கும் சரக்கு நம் வாசலுக்குத் தானே வரும். நாணயம்தான் வியாபாரத்தின் முதல் மூலதனம்!

இளைஞர்களே! வளைகுடா விசாவை மட்டுமே எதிர்பார்த்து ஆண்டுகளைக் கழிக்காதீர்கள். இன்று நகரங்களில் சாமைக்கும் தினைக்கும் கிராக்கி கூடியிருக்கிறது. நல்ல விலை கொடுத்து வாங்கி, சுத்தம் செய்து, பாக்கெட்டில் அடைத்து விற்றால் இருதரப்புக்கும் லாபம். படித்தவர்கள் இன்னொன்றும் செய்யலாம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி பட்டா கேட்டு மனு எழுத மலை மக்களுக்கு உதவுங்கள். சாதிச் சான்றிதழுக்கு அலைகிற பிள்ளைகளுடன் தாலுகா அலுவலகம் வரை போய் வாருங்கள்.

சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் அரசின் கடமை. அதைக் கேட்டு வாங்குவோம். நேர்மையான விலையோ நம் கடமை. அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. நாளைக் காலை கடை திறக்கும்போதே தொடங்கலாம்!