பேர் சிரிப்பாய்ச் சிரிக்குது; ஓட்டு என்ன ஆச்சு?

சிரிப்புக்கு நாம் விரோதிகள் அல்ல. நாளெல்லாம் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் எழுதிப் பிழைக்கிறவர்கள் நாம். "திருச்சிராப்பள்ளி என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி புறப்பட்டுவிடும்" என்று வடநாட்டு நண்பர்கள் கேலி செய்தால், கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறோம். ஆனால் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம், எதைப் பார்க்காமல் சிரிக்கிறோம் என்று ஒரு கேள்வி உண்டல்லவா?

துருக்கியின் தென்கிழக்கில் ஒரு மாகாணம். தேர்தல் தொகுதியும் அதுவே. 2023 தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு 5 உறுப்பினர்களை அனுப்பிய தொகுதி. பெயர் பாத்மான். ஆங்கில எழுத்தில் எழுதினாலோ, வௌவால் வேஷம் கட்டி இரவில் திருடர்களைத் துரத்தும் அமெரிக்கப் படக்கதை வீரன் பேட்மேன்!

2008-ல் பேட்மேன் படம் ஒன்று உலகெங்கும் வசூலை அள்ளியது. அவ்வூர் மேயர் உசேன் கல்கன், "எங்கள் ஊர்ப் பெயரை எங்களைக் கேட்காமல் எப்படி வைத்தீர்கள்?" என்ற தோரணையில், படக் கம்பெனி மீது வழக்குப் போடப் போவதாக அறிவித்தார். உலகமே சிரித்தது. 2018-ல் இன்னொரு கூத்து. மாகாணத்தின் எல்லையையே வௌவால் சின்னத்தைப் போல மாற்றி வரைய வேண்டும் என்று ஒரு மனு. அதில் 26,000 பேருக்கு மேல் கையெழுத்து!

சரி, பெயர் யாருடையது? படக்கதை வீரன் பிறந்தது 1939-ல். மறு வருஷம், 1940-ல், அருகிலுள்ள ராமான் மலையில் எண்ணெய் கிடைத்தது. அன்று அந்த இடம் இலுஹ் என்ற சிறு கிராமம். எண்ணெய் வந்தது, 1955-ல் சுத்திகரிப்பு ஆலை வந்தது, கூலிக்காரர் கூட்டம் வந்தது, கிராமம் நகரமாயிற்று. 1957-ல் பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயரைச் சூட்டினார்கள். 1990-ல் மாகாணமும் ஆக்கினார்கள். ஆற்றின் பெயர் பழையது. பாத்மான் என்று பழைய எடை அளவு ஒன்றும் உண்டு. ஆனால் அங்கே பெரும்பான்மையோரான குர்து மக்களின் வாயில் ஊர் இன்றும் ஏலிஹ்தான்! உலகம் வேடிக்கை பார்த்த அந்தப் பெயரே மேலிருந்து சூட்டப்பட்ட பெயர்.

மேயர் அன்று இன்னொன்றும் சொன்னார். ஊரில் துப்புத் துலங்காத கொலைகளையும் பெண்களின் தற்கொலைகளையும் அந்தப் படத்தின் பாதிப்போடு முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சு நிற்காது, நாமும் ஏற்கவில்லை. ஆனால் செத்தவர்கள் செத்தவர்கள்தானே! சிரித்தவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டார்கள்?

இப்போது ஓட்டுக்கு வருவோம். 2016 செப்டம்பரில் அவ்வூர் நகரசபையை மத்திய அரசாங்கம் தன் கையில் எடுத்தது. 2019-ல் மக்கள் மறுபடி ஓட்டுப் போட்டு மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2020 மார்ச்சில் அவரையும் நீக்கினார்கள். 2024 மார்ச்சில் குலிஸ்தான் சோனுக் என்ற பெண்ணுக்கு நூற்றுக்கு 64 பேர் ஓட்டளித்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 4-ல் அவரும் நீக்கப்பட்டார். நாற்காலியில் உட்கார்ந்தவர் அரசாங்கம் நியமித்த ஆளுநர். பயங்கரவாத வழக்குகள்தான் காரணம் என்கிறது அரசாங்கம். குற்றம் இருந்தால் நீதிமன்றம் தண்டிக்கட்டும். நீக்கிய இடத்துக்கு அவ்வூர் மக்களே வேறொருவரைத் தேர்ந்தெடுக்கட்டுமே! மூன்று முறை ஓட்டுப் பெட்டி பேசியது. மூன்று முறையும் தலைநகர் அதன் வாயைப் பொத்தியது. வௌவால் வீரனைப் பற்றிச் சிரித்த உலகத்தில் இதைக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

இது நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. வந்த ஊரில் நம் பெயரை வாக்காளர் பட்டியலில் கோணல்மாணலாக எழுதுவார்கள். அதைப் படித்து முதலில் நாமே சிரிப்போம். தேர்தலன்று சாவடியில், "இந்தப் பெயர் நீயல்ல" என்று திருப்பி அனுப்பும்போதுதான் சிரிப்பு நிற்கும். பெயரை வேடிக்கையாக்குவது முதல் படி. ஆளையே கணக்கில் எடுக்காமல் விடுவது அடுத்த படி.

ஆகவே சிரிப்போம், தோழர்களே! நன்றாகவே சிரிப்போம். சிரித்து முடித்ததும், அந்த ஊர்க்காரனின் ஓட்டு என்ன ஆயிற்று என்றும் கேட்போம். நம் ஓட்டு என்ன ஆயிற்று என்று கேட்கும் துணிவும் அங்கிருந்துதான் வரும்.