தாதியின் செவி

புற்றுநோய் விடுதியொன்றில் என் குஞ்சம்மாவின் கட்டிலருகே நான் கழித்த நாட்களில் ஒரு வினாவைப் பலமுறை கேட்டேன். மருந்தேற்ற வரும் தாதியை நோக்கி, "மிஸ், நான் சுகப்பட்டு வீட்டை போவனோ?" என்பார் அவர். "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அம்மா, எல்லாம் சுகமாகும்" என்று விடை வரும்; மறுகணம் தாதி அடுத்த கட்டிலருகே நிற்பார். அவரை நான் குறைகூறேன். கையிலே சுத்தமும் பக்குவமும் இருந்தன; முகத்திலே அன்பும் இருந்தது. அத்தகைய வினாவின் முன் எவ்வாறு நிற்பது என்பதை மட்டும் எவரும் அவருக்குக் கற்பித்திருக்கவில்லை.

இவ்விலகல் சோம்பலால் வருவதன்று. இலண்டன் வைத்தியசாலையொன்றைப் பற்றி 1960 இல் இசபெல் மென்சீஸ் அம்மையார் வெளியிட்ட ஆய்வு பிரசித்தமானது. தாதியின் வேலையைத் துண்டுதுண்டாகப் பகிர்ந்து, ஒரு நோயாளியோடு ஒருத்தி நெடுநேரம் தங்காதபடி செய்த ஒழுங்குகள், துயரத்தினின்றும் தம்மைக் காத்துக்கொள்ள எழுப்பிய அரண்களே என்று அவர் கண்டார். பின்னர் மான்செஸ்ரரில் மனநோய் வைத்தியர் பீற்றர் மக்வயர், புற்றுநோயாளரோடு நடக்கும் உரையாடல்களை ஆராய்ந்தார். அவசரமாகத் தேறுதல் கூறுதல், பேச்சை மாற்றுதல், உடல் நோவை மட்டும் விசாரித்தல் ஆகியன வெளிப்பட்டன. வாயைத் திறக்கவிட்டால் பொங்கிவருவதைத் தாங்க முடியாதென்ற அச்சமே இவற்றின் மூலம்.

அங்கே இதற்கென அமைந்த பயிற்சி விரிவுரையன்று. சிறு குழுவிலே, நோயாளியாக நடிப்பவரோடு தாதி உரையாடுவார், இடையில் நிறுத்தி, எவ்விடத்தில் விலகினோம் என்று பார்ப்பர், மீண்டும் தொடங்குவர். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு மௌனமாயிருப்பதே அதிற் பெரிய பாடமாம். (எம்மவருக்கு, சிறப்பாக என்போன்ற எழுத்துக்காரருக்கு, அது இலகுவாக வராது.)

இதனால் எல்லாம் தீர்ந்துவிடுமென்று நான் நம்பவில்லை. 17 பரிசோதனைகளைத் தொகுத்து 2018 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, பயிற்சி பெற்றோர் பரிவை அதிகம் வெளிப்படுத்தினர் என்றது. நோயாளரின் மனநலம் அதனால் உயர்ந்ததெனக் காட்ட அதனால் இயலவில்லை. 2006 இல் வெளியான மான்செஸ்ரர் ஆய்வொன்றோ, பயிலரங்கின் பின்னரும் மேற்பார்வையாளரின் துணை பெற்ற தாதியரே கற்றதை விடுதிக்குக் கொண்டுசென்றனர் என்றது. மூன்று நாட் பாடமும் ஒரு சான்றிதழும் போதா என்பது இதன் பொருள்.

எங்கள் நாட்டிலே இன்னொரு முடிச்சும் உண்டு. "அவவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்று தாதியிடம் இரந்தவன் நானேதான். குஞ்சம்மா கேட்டபோது அப்பெண் ஓடியதில் என் பங்கும் இருந்தது. ஒரிரவு, கடமைக்கு வந்த மூத்த தாதியொருவர் கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்து, "என்னத்தை நினைச்சுப் பயப்பிடுறியள் அம்மா?" என்று கேட்டார். நோயின் பெயரை அவர் சொல்லவில்லை. குஞ்சம்மா தமக்கு எல்லாந் தெரியுமென்றும், எனக்குத் தெரிந்தால் நான் உடைந்துபோவேனென்றே பேசாதிருந்ததாகவும் கூறினார். இங்கிலாந்துப் பாடத்தை அப்படியே இறக்குமதி செய்தால் இக்குடும்பச் சிக்கல் அதில் அடங்காது. உறவினரோடு பேசும் விதமும் அதிலே வேண்டும். நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் நோயாளர் செல்லும் மகரகமையில், தமிழ் மட்டுமே அறிந்தவருக்கும் சிங்களம் மட்டுமே அறிந்த தாதிக்கும் இடையே மொழியும் பயிற்சியின் பகுதியாதல் வேண்டும்.

2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து, தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கெனப் பணந் திரட்டினர். கட்டடத்துக்குக் கொடுக்க எம்மக்கள் பின்னிற்பதில்லை. ஆயின் 2022 இன் பொருளாதார நெருக்கடியின் பின் அரச ஊழியர் ஐந்து ஆண்டுவரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல வழி திறக்கப்பட்டது. தாதியரும் பலர் சென்றனர். எஞ்சியோரை மூன்று நாட்கள் விடுதியினின்றும் அகற்றுவது எளிதன்று என்பதை மறுக்க மாட்டேன். ஆகவே கிழமைக்கு அரைமணி நேரம், விடுதிக்குள்ளேயே, அனுபவமுள்ள ஒரு தாதியின் முன்னிலையில், அவ்வாரத்தில் விடைகூற முடியாதுபோன ஒரு வினாவை எடுத்துப் பேசுவதிலிருந்து தொடங்கலாம். அதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை.