களரியை இழந்த அண்ணாவியார்கள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் முதிய கூத்துக் கலைஞர் ஒருவரைக் கௌரவிப்பது இன்று மிக இலகுவான காரியம். ஒரு பொன்னாடை, ஒரு சான்றிதழ், விழா மலரில் ஒரு புகைப்படம் போதும். வாய்ப்பிருந்தால் கொழும்பிலிருந்து கலாபூஷண விருதும் வந்து சேரும். பிரதம விருந்தினர் வருவதற்கு முன்னரோ நன்றியுரைக்குச் சற்று முன்னரோ, மேடையில் பத்து நிமிடம் மத்தளம் வாசிக்க இடம் தருவார்கள். அவர் வாசிப்பார். நாம் கைதட்டுவோம். கலையைக் காப்பாற்றிவிட்ட திருப்தியுடன் வீடு திரும்புவோம்.

இந்தத் திருப்தியில் எனக்கு உடன்பாடில்லை. அண்ணாவியார்கள் இன்னும் இருக்கிறார்கள். கையும் குரலும் இருக்கின்றன. அழைத்தால் எழுபது வயதைத் தாண்டியும் மத்தளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். இல்லாமற் போய்க்கொண்டிருப்பது அவர்கள் நின்று வாசித்த களரி. அதைப் பற்றி எந்த விழா மேடையிலும் எவரும் பேசுவதில்லை.

புலம்பெயர்ந்த நாடுகளில் வளர்ந்த இளைய வாசகர்களுக்காகச் சிறு விளக்கம் தேவைப்படுகிறது. மட்டக்களப்புக் கூத்துக்குக் கட்டடம் கிடையாது. ஊர் வெளியில் மண் கொட்டி வட்டமாக உயர்த்தி, சுற்றிவரக் கம்புகள் நாட்டி, மேலே வெள்ளை கட்டினால் அதுவே வட்டக்களரி. மக்கள் நாற்புறமும் அமர்ந்திருப்பர். மத்தளத்துடன் அண்ணாவியாரும், சல்லரி போடுபவரும், பிற்பாட்டுக்காரரும் களரியின் நடுவில் நிற்பர். கூத்தர்கள் அவர்களைச் சுற்றி ஆடுவர். வடமோடியாயினும் தென்மோடியாயினும் இரவு தொடங்கி விடியும்வரை ஆட்டம் நீளும்.

ஆனால் அந்த ஓர் இரவு, பல மாத உழைப்பின் கடைசி இரவேயாகும். சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாக ஊரே அதற்குத் தயாராகும். விவசாயியும் மீனவரும்தான் கூத்தர்கள். அவர்கள் ஆடுவதற்குக் கூலி பெறுவதில்லை. கற்பிக்கும் அண்ணாவியாருக்கு மட்டும் ஊர் தன்னால் இயன்றதைக் கொடுத்து மரியாதை செய்யும். எனவே களரி என்று நான் சொல்வது மண்மேட்டை மாத்திரமன்று. ஓர் ஊர் தன் இரவுகளை ஒரு கலைக்காக ஒதுக்கிவைத்த ஏற்பாடு முழுவதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே 60 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள வாகரைக்குப் பணி நிமித்தம் பலமுறை சென்றிருக்கிறேன். பனிச்சங்கேணி, பால்சேனை, கதிரவெளி என்று கடலுக்கும் களப்புக்கும் இடையே நீளும் பிரதேசம் அது. போர்க்காலத்தில் இரவு என்பதே மக்களிடமிருந்து பறிக்கப்பட்டிருந்தது. ஊரடங்குச் சட்டமும் சுற்றிவளைப்பும் இருந்த நாட்களில் விடியவிடியக் கூத்தாடுவது எங்ஙனம்? 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கரைமீறி வந்தது. 2006 நவம்பர் 8ஆம் திகதி, இடம்பெயர்ந்தோர் தஞ்சமடைந்திருந்த கதிரவெளிப் பாடசாலையில் எறிகணைகள் வீழ்ந்து பொதுமக்கள் பலர் மாண்டனர். 2007 ஜனவரியில் வாகரை அரச படையினர் வசமானபோது ஊர்கள் வெறுமையாகிக் கிடந்தன. மக்கள் திரும்பி வந்தார்கள். பாதைகள் செப்பனிடப்பட்டன. 2009இல் போரும் முடிந்தது. இரவு திரும்பக் கிடைத்துவிட்டது. களரிதான் பல ஊர்களில் திரும்பவில்லை.

அப்பகுதியில் முதிய மத்தளக்காரர் ஒருவருடன் நெடுநேரம் உரையாடியிருக்கிறேன். அவருடைய கூத்துக் கொப்பிகளையும் உடுப்புகளையும் கடல் கொண்டுபோனது. மனப்பாடமாயிருந்தவை மட்டும் எஞ்சின. இப்போது அவரை அழைப்பது விருந்தினர் வரவேற்புக்கும், கட்டடத் திறப்பு விழாவுக்கும், பாடசாலை நிகழ்ச்சிகளுக்கும்தான். எல்லோரும் அவரிடம் கேட்பது ஒன்றே: அரசனின் வரவு. பத்து நிமிடத்தில் அடங்குவதும், பார்க்கக் கம்பீரமாயிருப்பதும் அதுதான். அரசன் வந்த பின்னர் அவனுக்கு என்ன நேர்ந்தது என்று வாசிக்கச் சொல்லி எவரும் கேட்பதில்லை என்றார். தர்க்கமும் போரும் புலம்பலும் தன் கையிலிருந்து மெல்ல மெல்ல அகன்று போவதாகவும் சொன்னார். அவர் சொன்னதில் முறைப்பாடு இருக்கவில்லை. ஆனால் எனக்கு அது கவலை தந்தது. நாம் கௌரவிக்கிறோம் என்ற பெயரில், ஒரு மனிதரின் நினைவில் உள்ள முழு இரவிலிருந்து முதற் பத்து நிமிடத்தை மாத்திரம் காப்பாற்றி, மற்றதைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இச்சுருக்கம் நேற்றுத் தொடங்கியதன்று. 1956இல் பேராசிரியர் சரச்சந்திரவின் ‘மனமே’ சிங்கள அரங்கில் ஏற்படுத்திய எழுச்சியைக் கண்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன், பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குக் கொணர்ந்தார். ‘கர்ணன் போர்’ 1962இலும் ‘இராவணேசன்’ 1964இலும் ‘வாலிவதை’ 1968இலும் மேடையேறின. ‘கூத்தாடி’ என்பதை வசைச்சொல்லாகப் பயன்படுத்திய படித்த சமூகம், அதே கூத்தை எழுந்து நின்று பாராட்டியது அப்போதுதான். அந்தப் பணியைக் குறைத்து மதிப்பிடுவது நன்றியற்ற செயலாகும். பேராசிரியர் சி. மௌனகுரு போன்றோர் அப்பாசறையிலிருந்தே வந்தனர். அவரது ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ இல்லையேல் இன்று நாம் இவ்விடயம் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசியிருக்க முடியாது.

ஆயினும் அந்த மாற்றத்துக்கு ஒரு விலை இருந்தது. விடியும்வரை நீண்ட கூத்து மணிக்கணக்கில் சுருங்கியது. நாற்புறமும் இருந்த பார்வையாளர் ஒருபுறம் மட்டும் ஆனார்கள். களரியின் நடுவில் நின்ற அண்ணாவியார் மேடையின் ஓரத்துக்கு நகர்ந்தார். ஆட்டத்தை நடத்தியவர் பக்கவாத்தியக்காரர் ஆனார். பல்கலைக்கழக மேடையில் அதற்கொரு கலை நியாயம் இருந்தது. ஊர்களில் களரியும் உயிரோடிருந்ததால் அது இழப்பாகத் தோன்றவுமில்லை. இன்று ஊர்க் களரி அருகிவிட்ட நிலையில், சுருக்கிய வடிவத்தையும் மேலும் சுருக்கிப் பத்து நிமிடமாக்கி, அதையே கூத்து என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம்.

இடங்கள் மறைவதும் முதியவர்கள் எஞ்சுவதும் உலகெங்கும் நடக்கிறது. பிரித்தானியாவில் சிறிய இசை அரங்குகளுக்காகக் குரல் கொடுக்கும் மியூசிக் வெனியூ ட்ரஸ்ட், 2023இல் மட்டும் 125 அரங்குகளை இழந்ததாகக் கணக்குச் சொன்னது. கியூபாவின் கதை இன்னும் பிரசித்தமானது. 1996இல் ஹவானாவில் பதிவாகி மறு ஆண்டு வெளிவந்த ‘புவெனா விஸ்ரா சோஷல் கிளப்’ இசைத்தட்டு, எப்போதோ மூடப்பட்டுவிட்ட ஒரு மன்றத்தின் பெயரைத் தாங்கியிருந்தது. அதில் பங்கேற்ற கொம்பாய் செகுந்தோ எண்பதுகளின் இறுதியில் இருந்தார். அந்த முதியவர்கள் நியூயோர்க்கின் கார்னகி மண்டபம்வரை சென்று வாசித்தார்கள். நம் அண்ணாவியார்களுக்கும் அப்படியொரு வாய்ப்பு வரக்கூடாதா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வந்தால் மகிழ்ச்சியே. ஆனால் கியூபப் பாடகர் தம் பாட்டைத் தாமே கொண்டுபோகலாம். அண்ணாவியார் தம் ஊரை விமானத்தில் ஏற்றிச் செல்ல முடியாது. ஆடுவோரும் பார்ப்போரும் ஊராராக இருப்பதில்தான் அவரது இசை நிற்கிறது.

இதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. மட்டக்களப்பின் கண்ணகி அம்மன் ஆலயங்களில் வைகாசி மாதச் சடங்கின்போது உடுக்கின் ஒலி இன்றும் கேட்கிறது. வாகரைப் பகுதியின் கரையோர வேடர் சமூகத்தினரும் தம் தெய்வங்களுக்குரிய சடங்குகளைக் கைவிட்டுவிடவில்லை. அங்கே வாசிப்பவருக்கு நேரக் கட்டுப்பாடு விதிப்பார் எவருமில்லை. தெய்வத்தைக் கலாசார மண்டபத்துக்கு இடம்மாற்ற முடியாது என்பதால் இடமும் காலமும் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. வட தமிழகத்தில் திரௌபதி அம்மன் விழாக்கள் தெருக்கூத்துக் குழுக்களை வாழவைப்பதும் இவ்வாறே. வாசிக்க இடமிருந்தால் வாசிப்பவர் உருவாவார்.

விடியவிடியக் கூத்துப் பார்க்க இன்று யாருக்கு நேரமிருக்கிறது என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். பிள்ளைகளுக்குப் பரீட்சை, பெற்றோரில் ஒருவர் மத்திய கிழக்கில், கையிலோ தொலைபேசி. பழைய களரியில் பெண்களுக்கு இடமிருக்கவில்லை, சாதி பார்க்கப்பட்டது என்ற விமர்சனமும் உண்மையே. இவற்றை மறைத்துவிட்டுப் பழமையைப் போற்றுவதில் பயனில்லை. ஆனால் இக்கேள்விகளைக் களரிக்குள்ளேயே வைத்துப் பேசலாம் என்பதைக் கலாநிதி சி. ஜெயசங்கரும் அவரது தோழர்களும் சீலாமுனையில் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்க முயற்சி காட்டியது. ஊராருடன் அமர்ந்து, அண்ணாவியாரின் அறிவை முன்னிறுத்தி, கதையையும் பாத்திரங்களையும் விவாதித்து, அதே வட்டத்தில் ஆடினார்கள். களரியை மாற்றலாம், ஒழித்துவிட வேண்டியதில்லை.

ஆகவே எனது வேண்டுகோள் எளிமையானது. ஒவ்வொரு பிரதேச செயலகமும், விழாக்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, ஆண்டுக்கு ஓர் ஊரில் ஒரு கூத்தைச் சட்டம் கொடுப்பதிலிருந்து அரங்கேற்றம்வரை முழுமையாக நடத்த உதவட்டும். அதில் போட்டியும் வேண்டாம், நேர அளவும் வேண்டாம். கற்பிக்கும் மாதங்களுக்கெல்லாம் அண்ணாவியாருக்கும் மத்தளக்காரருக்கும் முறையான வேதனம் கொடுக்கப்பட வேண்டும். வெளிநாடுகளிலுள்ள ஊர்ச் சங்கங்களுக்கும் இதையே சொல்வேன். மண்டபம் கட்டித் தருகிறோம் என்று வராதீர்கள். மண்ணும் கம்பும் வெள்ளைத் துணியும் ஊரில் கிடைக்கும். ஓர் அண்ணாவியாரின் நான்கு மாத வாழ்க்கைச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். முழுக் கூத்தையும் ஒளிப்பதிவு செய்யுங்கள். விடுமுறையில் பிள்ளைகளுடன் வந்து நிலத்தில் அமர்ந்து பாருங்கள்.

எழுபத்தைந்து வயதுக்காரருக்கு ஐந்தாண்டுத் திட்டங்களால் பயனில்லை. அவருக்கு வாசிக்கத் தெரிந்ததில் பெரும்பகுதியை நம்மில் பலர் இன்னும் கேட்கவேயில்லை. அடுத்த வேளாண்மை வெட்டு முடிந்ததும் ஏதாவது ஓர் ஊரில் சட்டம் கொடுக்கத் தொடங்கினால் அதைக் கேட்டுவிடலாம்.