காற்றுப் படாத மரம்

சவூதி அரேபியப் பாலைவனத்தில் 170 கிலோமீட்டர் நீளத்துக்கு, 500 மீட்டர் உயரக் கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே 90 லட்சம் பேரைக் குடியமர்த்தப் போவதாக 2022இல் 'தி லைன்' நகரின் வடிவமைப்பு வெளியானது. தோட்டம், மரங்கள், ஆண்டு முழுக்க இதமான தட்பவெப்பம் எல்லாம் உள்ளேயே கிடைக்குமாம். திட்டம் சுருங்கிவிட்டதாகப் பின்னர் செய்திகள் வந்தன. சுருங்கினால் போதாது, அடியோடு கைவிட வேண்டும்.

ஊர் விரிந்து விரிந்து நிலத்தை விழுங்குவதைவிட மக்கள் நெருங்கி வாழ்வது மேல் என்கிறார்கள் இதை ஆதரிப்பவர்கள். நியாயம்தான். ஆனால் நெருங்கி வாழ்வது வேறு, அடைபட்டு வாழ்வது வேறு. சுவருக்குள் இயற்கையைச் செய்து தந்துவிடலாம் என்ற நம்பிக்கையை ஏற்கெனவே சோதித்துப் பார்த்தாகிவிட்டது.

அமெரிக்காவின் அரிசோனாவில் 'பயோஸ்பியர் 2' என்ற கண்ணாடிக் கூடத்துக்குள் 1991 செப்டம்பர் 26 அன்று 8 பேர் புகுந்தார்கள். சுமார் 3 ஏக்கரில் மழைக்காடு, புல்வெளி, சதுப்புநிலம், வயல், பவளப்பாறையோடு ஒரு குட்டிக் கடல். பணத்துக்கும் பஞ்சமில்லை, நிபுணர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் 20.9 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் 14 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. உரமேறிய மண்ணின் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை உண்டு கரியமில வாயுவை வெளிவிட்டன. செடிகளுக்குப் போயிருக்க வேண்டிய அந்த வாயுவைக் கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. படியேறினாலே மூச்சு வாங்கியது. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்தித்தான் சமாளித்தார்கள். மகரந்தம் சுமக்கும் பூச்சிகள் மடிந்தன. எறும்பும் கரப்பானும் கொழித்தன. காற்றின் உலுக்கல் இல்லாமல் வளர்ந்த மரங்களோ வலுவின்றித் துவண்டன. புயலில் சாய்ந்த மரங்களைப் பார்த்திருக்கிறோம். காற்றில்லாமல் சாய்ந்தவற்றை அங்கேதான் பார்க்க முடிந்தது.

சர்வதேச விண்வெளி நிலையத்திலும் செடி வளர்க்கிறார்கள். அங்கே ஸின்னியா செடிகளில் பூஞ்சை பிடித்தபோது, பூமியிலிருந்து வரும் அட்டவணைப்படி இல்லாமல் செடியைப் பார்த்துத் தண்ணீர் விடுகிறேன் என்று அனுமதி கேட்டு வாங்கினார் விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி. 2016 ஜனவரியில் பூ மலர்ந்தது. ஆனால் அவருக்கு ஊர் திரும்பத் தேதி குறித்திருந்தது. பயோஸ்பியர்வாசிகளுக்கும் இரண்டே ஆண்டுதான். சுவர் நகரத்தில் பிறக்கும் குழந்தைக்கு அப்படியொரு தேதி கிடையாது. இயற்கைக்கான அதன் ஏக்கத்தைத் தொட்டிச் செடியாலும் திரையில் ஓடும் அருவியாலும் ஆற்றிவிடலாம் என்பது, பசித்தவனிடம் சமையல் புத்தகத்தை நீட்டுகிற காரியம்.

மக்கள் நினைத்த நேரத்தில் திறந்த மண்ணில் கால்வைக்க வழியில்லாத எந்த நகரத்துக்கும், எந்த அரசும் பொதுப்பணத்தைக் கொட்டக் கூடாது. வெயிலில் வேகும் ரியாத் நகரில் 75 லட்சம் மரங்கள் நடும் 'பசுமை ரியாத்' திட்டத்தை 2019இலேயே சவூதி அரசு அறிவித்திருக்கிறது. கண்ணாடிச் சுவருக்கு எடுத்துவைத்த பணம் அங்கே போகட்டும்.