எறிந்த பந்தின் மீது என்ன விசை?

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை அமைச்சர் அவர்களுக்கு,



பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் முதல் பாடம் ‘இயக்க விதிகள்’. நியூட்டனின் மூன்று விதிகளையும் நம் பிள்ளைகள் பிசிறில்லாமல் எழுதுகிறார்கள். விசைக்கான சமன்பாட்டையும் தருவிக்கிறார்கள். ஆசிரியராக நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: மேலே எறிந்த பந்து கையை விட்டபின் ஏறிக்கொண்டிருக்கிறது, அதன் மீது என்னென்ன விசைகள் செயல்படுகின்றன?

“கையின் விசை மேலே தள்ளுது, புவியீர்ப்பு கீழே இழுக்குது” என்பதே பெரும்பாலானோரின் பதில். ஆனால் காற்றின் தடையை விட்டுவிட்டால் செயல்படுவது புவியீர்ப்பு விசை மட்டும்தான். கையின் விசை பந்தை விட்ட கணமே முடிந்துவிட்டது. இயங்கிக்கொண்டிருக்க விசை வேண்டாம், இயக்கம் மாறத்தான் விசை வேண்டும் என்ற முதல் விதியை எழுதிய அதே பிள்ளைகள்தான் இப்படிச் சொல்கிறார்கள்.

அவர்கள் மீது குற்றமில்லை. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடுகிறது. நிறுத்திய உராய்வோ கண்ணுக்குத் தெரிவதில்லை. இயங்கிக்கொண்டிருக்க விசை வேண்டும் என்றுதான் அரிஸ்டாட்டிலும் நினைத்தார். 1687-இல் நியூட்டனின் நூல் வரும்வரை அந்த எண்ணத்தை முழுதாகக் கடக்க ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் ஆயின. கரும்பலகையில் ஒரு வரையறையை எழுதிப்போட்டால் அது மாறிவிடாது.

எது மாற்றும் என்பதற்கு ஆய்வு இருக்கிறது. டேவிட் ஹெஸ்டனீஸ் குழுவினர் 1992-இல், கணக்கே இல்லாமல் விசை பற்றிய புரிதலை மட்டும் சோதிக்கும் வினாத்தாளை வெளியிட்டார்கள். அதைக் கொண்டு 6,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க மாணவர்களின் முடிவுகளை ரிச்சர்ட் ஹேக் 1998-இல் ஒப்பிட்டார். செய்தும் விவாதித்தும் கற்ற வகுப்புகளின் முன்னேற்றம், விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

ஆகவே மூன்று கோரிக்கைகள்.

பொதுத்தேர்வில் காரணம் கேட்கும் வினாக்கள் வரட்டும். லாரியும் பைக்கும் மோதினால் எதன் மீது அதிக விசை? இரண்டின் மீதும் சமம். நிறை குறைந்த பைக்கின் முடுக்கமே அதிகம். வினாத்தாள் கேட்பதைத்தான் வகுப்பறை கற்பிக்கும்.

செய்முறைத் தேர்வில் திருப்புத்திறன் சோதனை இருக்கிறது. அதோடு இரண்டாம் விதிக்கும் ஒன்றைச் சேருங்கள். சக்கர வண்டி, கப்பி, எடைக்கற்கள், நிறுத்துக் கடிகாரம் போதும்.

முதலில் மாணவரை ஊகிக்கச் சொல்லி, வாதிட விட்டு, பிறகு செய்துகாட்டும் முறையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். அதற்கான பாடவேளைகளையும் ஒதுக்குங்கள்.

பத்தாம் வகுப்போடு இயற்பியலை விட்டுவிடும் பிள்ளைகள் ஏராளம். நாளை அவர்களும் வண்டி ஓட்டுவார்கள். வேகம் இரு மடங்கானால், அதே பிரேக் விசையில் வண்டி நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும். இதை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யாமல், புரிந்துகொண்டு அவர்கள் பள்ளியை விட்டுப் போக வேண்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் இந்த மூன்று கோரிக்கைகளுக்கான ஆணையைப் பிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியர்